சூரியக் காற்று: வேகம் பொருந்துது, காந்தப்புலம் மட்டும் தலைகீழ் – அவசர உதவி

செக்டார்47: சூரியப் பரப்பு வரைபடத்துல இருந்து கரோனாவோட காந்தப்புலத்தைக் கணக்கிடுற பிஎஃப்எஸ்எஸ் மாடலை ஓட்டி, சூரியக் காற்றைப் பூமி வரைக்கும் கொண்டு வந்தாச்சு. வேகம், பூமிக்கிட்ட விண்கலங்கள் அளந்த ஓம்னி தரவோட நல்லாப் பொருந்துது. ஆரத்திசைப் புலத்தோட (சூரியன்–பூமி கோட்டுல உள்ள பங்கு) குறி மட்டும் தலைகீழா வருது, அளவும் பாதிதான். நாளைக்கு ரிப்போர்ட் கொடுக்கணும், யாராவது சொல்லுங்க.

கதிர்முனை: எந்தக் காந்த வரைபடம்? மூலப்பரப்பு (புலக் கோடுகள் திறந்துடுதுன்னு மாடல் வச்சுக்கிற உயரம்) எத்தனை சூரிய ஆரத்துல? ஓம்னி அட்டவணையில எந்தப் பத்தி? இதெல்லாம் இல்லாம என்ன சொல்றது?

துருவன்: துருவப் புலமாத்தான் இருக்கும். சூரிய அச்சு 7.25 டிகிரி சாய்வு; மார்ச் வரைபடத்துல வட துருவம் தெரியாது, நிரப்பின மதிப்புதான் இருக்கும். வரைபடத்தோட நிகரப் பாயத்தை (உள்ளே போறதும் வெளியே போறதும் கழிஞ்சு மிஞ்சுற காந்தப் பாயம்) கழிச்சீங்களா?

பழைய_பார்க்கர்: துருவன், துருவப் பிழை செக்டார் எல்லையை (புலம் சூரியனை நோக்கியதுல இருந்து விலகுறதா மாறுற இடம்) நகர்த்தும், எல்லா செக்டாரையும் ஒரேயடியாத் திருப்பாது. தம்பி, பத்தி எதுன்னு முதல்ல சொல்லுங்க.

செக்டார்47: காங் (தரைத் தொலைநோக்கி வலையமைப்பு) வரைபடம், மூலப்பரப்பு 2.5, சூரியக் காற்று மாடலோட உள் எல்லை 21.5 சூரிய ஆரம். ஓம்னியில ஜிஎஸ்இ பிஎக்ஸ், அதாவது புலத்தோட எக்ஸ் பங்கு.

பழைய_பார்க்கர்: அதேதான். ஜிஎஸ்இ-ங்கிற பூமி மைய அச்சுத் தொகுதியில எக்ஸ் அச்சு சூரியனைப் பார்க்கும், உங்க ஆரத்திசை வெளியே பார்க்கும். ஒய் அச்சும் பூமி ஓடுற திசைக்கு எதிர். ரெண்டுக்கும் மைனஸ் போடுங்க, இசட்டை விட்டுடுங்க. கையேட்டோட முதல் பக்கத்துல இருக்கிற விஷயம் இது.

கதிர்முனை: பாதி அளவு உங்க நிரலோட பிழை இல்லை, இந்த மாதிரி மாடல் பலதுலயும் திறந்த பாயம் (சூரியனை விட்டு வெளியே போற காந்தப் பாயம்) குறைவாத்தான் வருது. மூலப்பரப்பை 2.0-க்கு இறக்கினா பாயம் ஏறும். ஆனா கரோனா துளைகள் புற ஊதாப் படத்துல தெரியறதைவிடப் பெரிசாயிடும், இப்பப் பொருந்துற வேகமும் கெடும்.

துருவன்: யூஃபோரியாங்கிற முன்னறிவிப்பு மாடலோட வழியில போங்க. 0.1 வானியல் அலகுல 300 நானோடெஸ்லாவை, வேகத்தை 675 கி.மீ./நொடியால வகுத்து வர்ற விகிதத்தால பெருக்கி, குறியை மட்டும் பிஎஃப்எஸ்எஸ்ல இருந்து எடுங்க.

கதிர்முனை: அது ஒட்டுப்போடுற வேலை. வரைபடம் சொல்ற புல வலிமையைத் தூக்கிப் போட்டுட்டு வேகத்தையே ரெண்டு தடவை எழுதுறீங்க.

துருவன்: முன்னறிவிப்பு தர்றவங்களுக்கு பூமியில சரியான அளவு வந்தாப் போதும்.

நாள்சராசரி: அளவீட்டையும் பாருங்க. ஒரு மணிநேரத் தரவுல நேரடியா மட்டு (குறியை விட்ட அளவு) எடுத்தா, மடிஞ்சு திரும்புற புலமும் கூடுதலாச் சேர்ந்துடும். முதல்ல குறியோட ஒரு நாள் சராசரி, அப்புறம் மட்டு. இடைவெளி குறையும்.

விண்வானிலை_ரசிகன்: புவிகாந்தப் புயலைக் கிளப்புற தெற்கு நோக்கிய பிஇசட் (புலத்தோட வடக்கு–தெற்குப் பங்கு) இல்லாம இது எதுக்கு? சூரியன் சுழலுறதால புலம் சுருளா வளையற பார்க்கர் சுருள்ல அது பூஜ்யம்தானே?

பழைய_பார்க்கர்: ஜிஎஸ்இ-யில பூஜ்யம், பூமியோட காந்த அச்சைப் பொறுத்துத் திருப்பின ஜிஎஸ்எம் அச்சுத் தொகுதிக்கு மாத்தினா ஒய்-யோட ஒரு பங்கு இசட்டா வரும். ரஸ்ஸல்–மெக்பெரான் 1973-ல காட்டினது. மார்ச், ஏப்ரல்ல சூரியனை நோக்கிய செக்டார் தெற்குப் புலம் தரும். செப்டம்பர், அக்டோபர்ல விலகும் செக்டார். குறி மாறினா புயல் எச்சரிக்கை தப்பான செக்டாருக்குப் போகும். அதனாலதான் முதல்ல குறியைக் கேட்டேன்.

செக்டார்47: மைனஸ் போட்டதும் செக்டார் எல்லாம் பொருந்துது. நன்றி!

நாள்சராசரி: ஒரு நாள் சராசரிக்கு அப்புறம் அளவு விகிதம் எவ்வளவு வந்துச்சு?