மறு: மறு: மறு: நான்டிஸ்ஜங்ஷனுக்குத் தமிழ் (திங்கள் அச்சு!)

ராயபுரத்திலிருந்து:

வணக்கம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பெற்றோருக்கு நாலு பக்கத் துண்டறிக்கை. திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. ‘குரோமோசோம்’ அப்படியே இருக்கட்டும், மரபணுக்களைத் தாங்கும் அந்த இழைக்குத் தமிழ்ச் சொல் எது என்ற சண்டை இப்போது வேண்டாம். முட்டை உருவாகும் குன்றல் பிரிவில், அதாவது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவில், 21ஆம் குரோமோசோம் இணை விலகி ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். சில சமயம் இரண்டும் ஒரே பக்கம் போய்விடுகின்றன. முட்டையில் 23க்குப் பதில் 24. விந்தணுவின் 23 சேர்ந்தால் 46க்குப் பதில் 47. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆங்கிலத்தில் நான்டிஸ்ஜங்ஷன் எனப்படும் இதற்குப் ‘பிரியாமை’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

பெரம்பூரிலிருந்து:

சண்டை வேண்டாம் என்று குரோமோசோமை விட்டுக்கொடுத்துவிட்டால் ஆயிற்றா? அதற்கான தமிழ்ச் சொல் நிறப்புரி என்ன பாவம் செய்தது? 1888இல் வால்டேயர் வைத்த பெயருக்கே கிரேக்கத்தில் ‘நிற உடல்’ என்றுதான் பொருள். சாயம் ஏற்றியதால் கண்ணில் பட்டது. ஈழத்தில் நிறமூர்த்தம் என்றார்கள். மூர்த்தம் வடசொல். புரி நம்முடையது: முப்புரி, வலம்புரி, புரிகுழல். காசிமேட்டில் போய்க் கயிற்றைக் காட்டிக் கேளுங்கள்.

பிரியாமை எதிர்மறைத் தொழிற்பெயர், இலக்கணக் குற்றமில்லை. ஆனால் அதில் மனம் ஒன்று ஒலிக்கிறது. குறளில் 116ஆம் அதிகாரம் பிரிவாற்றாமை. குரோமோசோமுக்கு ஆற்றாமை உண்டா? என் முன்மொழிவு ‘மகன்றிற்பிணை’. இடையே ஒரு பூ வந்தாலும் ஓராண்டு பிரிந்ததுபோல வாடும் சங்கப் பறவை மகன்றில்.

வியாசர்பாடியிலிருந்து:

ஐயா, கோச்சிக்காதீங்க. காசிமேட்டுல ‘மூணு பிரி கயிறு’ன்னுதான் சொல்லுவாங்க, புரி இல்ல. அப்ப ‘நிறப்பிரி பிரியாமை’யா? மகன்றில் பிரிஞ்சா வாடுது, இங்க பிரியாததுதான் பிரச்சினை. உவமையே தலைகீழ்.

எனக்கு வேற கவலை. துண்டறிக்கையோட மூணாவது பத்தியில ‘பிரிவுக் கோளாறு’ன்னு இருக்கு, அத எடுத்துடுங்க. ‘தாயின் முட்டையில் கோளாறு’ன்னு படிச்சதும் மாமியார் வார்டுலயே ஆரம்பிச்சுடுவாங்க. பெரும்பாலும் தாய் பக்கம்தான் நடக்குது, உண்மை. ஆனா அது தாய் செஞ்ச காரியம் இல்ல.

கொருக்குப்பேட்டையிலிருந்து:

அக்கா சொல்வது சரி. அந்தப் பத்தியில் இதைச் சேர்க்கலாம்: அந்தத் தாய் கருவாக இருந்தபோதே முட்டைச் செல்கள் முதல் பிரிவைத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகின்றன. 38 வயதில் வெளிவரும் முட்டை 38 ஆண்டுக்கு மேல் அப்படியே நின்றிருந்தது. தாயின் வயதோடு வாய்ப்பு கூடுவது அதனால்தான்.

இங்கேதான் ‘பிரியாமை’ எனக்கு இடிக்கிறது. குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கோஹீசின் புரதம் காலப்போக்கில் குறைகிறது. பிடி தளர்ந்து, இணை முன்கூட்டியே பிரிந்து, பிறகு தட்டுத்தடுமாறி ஒரே பக்கம் சேர்வதும் உண்டு. அங்கே பிரியாமல் எங்கே இருந்தது? ஆங்கிலச் சொல்லே விளைவைப் பார்த்து வைத்த பெயர். நாமாவது ‘ஒருபக்கம் சேர்தல்’ என்போம். இணைகள் பிரியத் தவறும் முதல் பிரிவுக்கும், சகோதரி குரோமாட்டிடுகள் (ஒரே குரோமோசோமின் இரு நகல்கள்) பிரியத் தவறும் இரண்டாம் பிரிவுக்கும் அது பொருந்தும்.

பெரம்பூரிலிருந்து:

ஆங்கிலமே தடுமாறியிருக்கிறதா! மகிழ்ச்சி. ஆனால் ‘ஒருபக்கம் சேர்தல்’ சொல் அல்ல, சொற்றொடர். ‘ஒருபாற்சேர்க்கை’ என்று சுருக்கலாம்.

வியாசர்பாடியிலிருந்து:

ஐயய்யோ, அத வேற அர்த்தத்துல படிப்பாங்க. எனக்குப் பிரியாமை போதும். பக்கத்துல ரெண்டு அம்புக்குறி போட்டு ஒரு படம்.

ராயபுரத்திலிருந்து:

மணி பதினொன்றரை. ‘பிரியாமை’ போகிறது, கீழே ‘இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவது’ என்ற விளக்கத்தோடு. கோளாறு நீக்கப்பட்டது. படம் உண்டு. கொருக்குப்பேட்டைத் தம்பி, பிளஸ் டூ வகுப்பில் உங்கள் சொல்லையே நடத்துங்கள், பையன்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் பார்ப்போம்.

பெரம்பூரிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்யவும். நிறப்புரிக்குத் தனி இழை தொடங்குகிறேன்.