பந்தியில் கண்ட கிருபை: சில அனுபவங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

சாட்சி சொல்லும் நேரம் என்றால் நம் சபைகளில் விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, ஸ்கேனில் இருந்த கட்டி கரைந்துபோனது என்றுதான் பெரும்பாலும் வரும். குறை சொல்லவில்லை, ஸ்தோத்திரம். ஆனால் இயேசு கிருபையை எப்படிக் காட்டினார் என்று சுவிசேஷத்தைப் புரட்டினால் அடிக்கடி எதிரே வருவது சாப்பாடு. லேவி வீட்டு விருந்து, சகேயு வீட்டில் தங்கியது, கெட்ட குமாரனுக்காக அடித்த கொழுத்த கன்று, திபேரியா கடற்கரையில் கரிநெருப்பில் வைத்த மீன். பரிசேயர் அவர்மேல் சொன்ன குற்றமே, "இவர் பாவிகளை ஏற்றுக்கொண்டு அவர்களோடே சாப்பிடுகிறார்" என்பதுதான். அதனால் இந்த முறை கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தபோது உங்களுக்கு இயேசுவின் ஞாபகம் வந்தது?

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாத்தான்குளம் பக்கம் ஒரு சின்ன சபை. ஸ்தோத்திரப் பண்டிகை முடிந்து அசனம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காணிக்கையாக வந்த ஆடு, அரிசி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் சமைத்து ஊருக்கே போடுவார்கள். சோற்றை வடித்து ஓலைப்பாயில் மலைபோலக் கொட்டி வைத்திருப்பார்கள். பிற மதத்தார் வீடுகளிலிருந்தும் சட்டியோடு வருவார்கள். நான் அப்போது காலேஜ் பையன், குழம்பு வாளி தூக்கும் வேலை.

அந்த வருஷம் ஒரு ஆள் காம்பவுண்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எங்கள் சபைக் கோயில் உண்டியலை உடைத்து ஜெயிலுக்குப் போய் வந்தவர். சபையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரான எங்கள் உபதேசியார் போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். கடைசி வரிசையில் எங்கேயாவது உட்காரவைப்பார் என்று நினைத்தோம். முதல் பந்தியில், மூப்பர்களுக்கு நடுவில் உட்காரவைத்தார். ஒரு மூப்பர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். உபதேசியார் எதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்து, "ஏலே, அவருக்கு இன்னும் ரெண்டு கறித்துண்டு போடு" என்றார்.

எழுந்து போன மூப்பரை நான் இப்போதும் தப்பு சொல்ல மாட்டேன். அவர் போட்ட பணமும் அந்த உண்டியலில் இருந்தது. மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் கதையும் இதேதான். விடிந்ததிலிருந்து வெயிலில் வாடினவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் ஒரு பணம். காலையில் வந்தவன் முறுமுறுத்தான் என்று இயேசுவே சொல்கிறார். பிரசங்கங்களில் அவனைப் பொறாமைக்காரன் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த எவனும் அந்தக் கூலிக் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டான். யாருக்கும் எரிச்சல் வராத கிருபை கிருபைதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வேலூர்க்காரி

சார், என் அப்பா கதையைச் சொல்கிறேன். எழுத நினைத்து எழுத நினைத்து விட்டுவிட்ட கதை.

அப்பாவுக்குத் தொழுநோய். மாத்திரையில் கிருமி கட்டுக்குள் வந்தபோது விரல்கள் மடங்கிப்போயிருந்தன. முழங்கை நரம்பு அடிபட்டால் விரல்கள் பருந்தின் நகம்போல உள்ளே வளைந்துவிடும். அந்தக் கையால் சோற்றைப் பிசையலாம், உருட்டி வாய்க்குக் கொண்டுபோக முடியாது, சிந்தும். எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்கு அவர் போவதில்லை. நோய்க்குப் பயந்து மற்றவர்கள் விலகியது பாதி, சிந்துவதற்கு வெட்கப்பட்டு அவரே ஒதுங்கியது பாதி. வீட்டிலும் தனித்தட்டு, பின்கட்டில்.

எழுபதுகளின் கடைசியில் யாரோ சொல்லிக் கரிகிரிக்குப் போனார். வேலூர் பக்கம் 1955-இல் தொழுநோய்க்கென்றே தொடங்கிய மருத்துவமனை அது. மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை எங்கள் பக்கத்தில் வளர்த்தவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரிகளின் பிள்ளை. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். தொழுநோயாளியைப் பொது மருத்துவமனைக் கட்டிலில் படுக்கவைக்கவே மற்றவர்கள் தயங்கிய காலம். விரல்கள் அழுகி உதிர்வதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். அப்படி இல்லை, வலி தெரியாததால் சூடு பட்டும் வெட்டுப் பட்டும் எலி கடித்தும் காயமாகிக் காயமாகித்தான் விரல் போகிறது என்று எடுத்துக்காட்டினார். அப்பா போன காலத்தில் அவர் அங்கே இல்லை, அவர் வழியில் வந்த டாக்டர்கள் இருந்தார்கள்.

மணிக்கட்டை நிமிர்த்துகிற தசைநார்களில் ஒன்றை எடுத்து, காலிலிருந்து எடுத்த நாரை அதோடு சேர்த்து, நாலு கிளையாகப் பிரித்து நாலு விரலுக்கும் கட்டுவார்களாம். மாவுக்கட்டுப் பிரித்த பிறகுதான் பெரிய வேலை. மணிக்கட்டை நிமிர்த்த நினைத்தால் இப்போது விரல் அசையும். மூளை அதைப் புதிதாகப் படிக்க வேண்டும். பிசியோதெரபியில் ஒரு அக்கா தினமும் அப்பா கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு பயிற்சி கொடுத்திருக்கிறார், கையுறை இல்லாமல். அப்பா முதலில் கையை இழுத்துக்கொண்டாராம். அம்மாவைத் தவிர யாரும் அந்தக் கையைத் தொட்டு வருஷக்கணக்காகியிருந்தது.

பயிற்சி தேறியதா என்று பார்க்க அந்த அக்கா ஒருநாள் தன் டிபன் டப்பாவைத் திறந்து, சாம்பார் சோற்றில் பாதியை அப்பா தட்டில் வைத்து, எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். அப்பா சிந்தாமல் சாப்பிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா, "அந்தப் பொண்ணு என் கையைப் பார்க்கலம்மா, என் மூஞ்சியப் பார்த்துப் பேசிக்கிட்டே சாப்பிட்டுச்சு" என்பார்.

அந்த அக்கா ஜெபம் செய்யச் சொல்லவில்லை, சுவிசேஷத் துண்டுப் பிரதி கொடுக்கவில்லை. அப்பாவாகவே, நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்று கேட்டபோதுதான் இயேசு தொழுநோயாளியைத் தொட்ட மாற்கு முதல் அதிகாரத்தைச் சொல்லியிருக்கிறார். சுத்தமாகு என்று வாயால் சொன்னாலே போதும், ஆனாலும் அவர் கையை நீட்டித் தொட்டார். அப்பாவுக்கு அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது. நாங்கள் சபைக்கு வந்தது அப்படித்தான்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. விரல் நிமிர்ந்தது, உணர்ச்சி திரும்பவில்லை. அது திரும்பாது என்று டாக்டர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். சாகும்வரை ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து கையையும் பாதத்தையும் புரட்டிப் பார்த்து, கொப்புளம் இருக்கிறதா என்று தேடுவார். அதிசய சுகம் என்று சபையில் யாராவது அறிமுகப்படுத்தினால் அவருக்குப் பிடிக்காது. "ஆபரேஷன்" என்று திருத்துவார்.

தஞ்சாவூர்த் தம்பி

அக்கா, உங்கள் அப்பா கதையைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் ஆசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும். பந்தி பந்தி என்கிறீர்கள். நம் சபைகளின் பந்திக் கதை அவ்வளவு அழகா?

தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் பாடல்கள் இல்லாமல் எங்கள் ஊரில் கிறிஸ்துமஸே கிடையாது. கிருபையை அவரைப்போலத் தமிழில் உருகிப் பாடியவர்கள் குறைவு. அதே சாஸ்திரியார்தான், 1820களில் புதிதாக வந்த மிஷனரிமார் சாதி பார்க்காமல் ஒன்றாக உட்காருங்கள், ஒன்றாகத் திருவிருந்து எடுங்கள் என்று சொன்னபோது எதிர்த்து எழுதினார். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியதும் ஒரு கூட்டம் கோயிலை விட்டே வெளியேறியது. சாஸ்திரியாரைத் திட்ட இதைச் சொல்லவில்லை, அவர் பாட்டை நான் இன்றும் பாடுகிறேன். கிருபையைப் பாடுகிற வாயும் பந்தியில் இடம் பிரிக்கிற கையும் ஒரே ஆளுக்கு இருக்க முடிகிறது. எனக்கு அதுதான் பயம்.

சரி, அனுபவம் கேட்டீர்கள். எங்கள் சபைக்கு ஓர் ஆயர் வந்தார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் என்றால் அதுவரை பெரிய தெருவில் தொடங்கி, எங்கள் தெருவுக்கு விடியற்காலையில், தூக்கக் கலக்கத்தில் வருவார்கள். டீ எங்கள் வீடுகளில் யாரும் குடிக்க மாட்டார்கள், வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள். இந்த ஆயர் முதல் வருஷமே எங்கள் தெருவில் தொடங்கினார். எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "ஆச்சி, பசிக்குது" என்றார். ஆச்சி பயந்துவிட்டது. முறுக்கும் கடுங்காப்பியும் கொடுத்தது. அங்கிருந்து பெரிய தெருவுக்குப் போனபோது எந்த வீட்டில் காப்பி கொடுத்தாலும், "ஆச்சி வீட்டுல ஆச்சு" என்றாராம்.

அவரை அந்தச் சபையில் அதிக நாள் விட்டுவைக்கவில்லை. மாற்றல் உத்தரவில் காரணம் எழுத மாட்டார்கள். ஆச்சி மட்டும் சாகும்வரை அவருக்கென்று ஒரு டம்ளரை எடுத்துவைத்திருந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

தம்பி, கேட்டது நியாயம். நான் சொன்ன அசனத்திலும் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்தோம், உண்மை. விறகு பிளந்தது யார், பாத்திரம் தேய்த்தது யார், மைக்கில் பேர் வாசிக்கப்பட்டது யாருக்கு என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. உங்கள் ஆயரும் எங்கள் உபதேசியாரும் சந்தித்திருந்தால் ரொம்ப நேரம் பேசியிருப்பார்கள்.

ஒடிசாவில் வேலை பார்த்தவர்

நான் கிறிஸ்தவன் இல்லை, முருக பக்தன். எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

1999-இல் ஒடிசாவில் வேலையில் இருந்தேன். அந்த ஜனவரியில் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் உயிரோடு எரித்தார்கள். மூத்தவனுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. அவர் 1965-இலிருந்து மயூர்பஞ்ச் மாவட்டத்தில் தொழுநோயாளிகளோடு இருந்தவர். மனைவி கிளாடிஸ் மன்னித்துவிட்டேன் என்று சொன்னதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு மரியாதை வரவில்லை. அதிர்ச்சியில் பேசுகிறார், மகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் மாறிவிடும் என்று நினைத்தேன்.

அவர் போகவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து வேலையாக அந்த மாவட்டத்துப் பாரிபதா போனபோது, டீக்கடையில் விசாரித்தேன். தொழுநோயாளிகள் விடுதியில்தான் இருக்கிறார், வேலையைப் பார்க்கிறார் என்றார் கடைக்காரர், இதில் என்ன அதிசயம் என்கிற மாதிரி. கடை பெஞ்சில் விரல் இல்லாத ஒரு கிழவர் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எங்களுக்கும் ஒரே மாதிரி கிளாஸ். வேலூர் அம்மா எழுதியதைப் படித்ததும் அந்த பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

2004-இல்தான் கிளாடிஸ் ஊர் திரும்பினார், கணவர் பெயரில் ஒரு மருத்துவமனை பாரிபதாவில் தொடங்கிய பிறகு. வழக்கு தன் பாட்டுக்கு நடந்தது, 2003-இல் தண்டனை விதித்தார்கள். மன்னித்தவர் வழக்கை நிறுத்தச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. என் மதம் மாறவில்லை. யாராவது இயேசுவைப் பற்றி இளக்காரமாகப் பேசினால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்

கடைசியாகச் சொன்ன அண்ணன் மன்னிப்பையும் வழக்கையும் பிரித்துச் சொன்னதால்தான் எழுத வருகிறேன். என்னிடம் அதைப் பிரித்துச் சொல்ல ஆள் இல்லாமல் பல வருஷம் போனது.

என் வீட்டுக்காரர் அடிப்பார். சபையில் சொன்னேன். கிருபை பெற்றவள் பொறுத்துக்கொள்ள வேண்டும், எழுபதுதரம் ஏழு மன்னிக்கச் சொல்லியிருக்கிறது, ஜெபத்தில் தாங்குகிறோம் என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மாதாமாதம் திருவிருந்து நாளில் என் வீட்டுக்காரர் எனக்கு முந்தி முழங்கால்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்குவார், நான் முக்காட்டால் கன்னத்தை மறைத்துக்கொண்டு பின்னால் நிற்பேன். அந்தப் பந்தி எனக்குக் கசந்துபோனது.

எங்கள் சேகரத்தில் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) பைபிள் வுமனாக, வீடு வீடாகப் போய் வேதம் சொல்லும் ஊழியராக, இருந்த அம்மா வீட்டு ஜெபத்துக்கு வந்தபோது என் முகத்தைப் பார்த்தார். ஜெபம் பண்ணவில்லை. "பிள்ளை, ரெண்டு சேலை எடு" என்றார். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், கஞ்சியும் பயறும் வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் இருந்தார். அப்புறம்தான் பேசினார். "மன்னிக்கதுக்குக் கர்த்தர் உனக்குக் கிருபை தருவாரு. திரும்பிப் போய் அடி வாங்கச் சொல்லி அவரு ஒருநாளும் சொன்னதில்ல. நாசரேத்துல மலையிலேர்ந்து தள்ளவந்தவங்க நடுவுல அவரு கடந்துதானே போனாரு?" லூக்கா நாலாம் அதிகாரத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், அந்த வசனம் எனக்கென்று இருந்தது தெரியாது.

மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்கும் அவர்தான் கூட வந்தார். சபையில் அவருக்கு நல்ல ஏச்சு. குடும்பத்தைப் பிரிக்கிறாள் என்றார்கள். அவர் வீட்டில் ஒரே அறை. நானும் என் மகளும் ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தோம், வாடகை என்று எதுவும் வாங்கவில்லை. தையல் படித்தேன், இப்போது சொந்தமாக மிஷின் இருக்கிறது.

மன்னித்தாயா என்று அந்த அம்மா திரும்பக் கேட்டதே இல்லை. நானும் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை, சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை. அவர் ஓய்வுபெற்றுவிட்டார். அந்தப் பொறுப்புக்குச் சேகரத்தில் இன்னும் ஆள் போடவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து போன மாதம் ஒரு பெண் என்னிடம் வந்தாள், என் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்குச் சமையல் தெரியும், நாகர்கோவில் பக்கம் ஹாஸ்டல் வேலை எதுவும் இருந்தால் சொல்லுங்கள்.