மண் காய்வதற்கு முன்னால் புல்தரையில் இறங்காதீர்கள்: வசந்தகாலத் தயாரிப்பு அனுபவங்கள்

போன வருஷம் நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். குளிர் விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. பனியெல்லாம் உருகி, தரை பழுப்பாகப் படுத்துக் கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல் ரேக்கை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வாரும்போது காய்ந்த புல்லோடு பச்சைப் புல்லும் வேரோடு கையில் வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தாமல் முழுத் தரையையும் வாரி முடித்தேன். மண் காய்ந்ததும் பார்த்தால், நான் நடந்த இடமெல்லாம் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. கோடை வரைக்கும் அந்தக் கால்தடங்களில் புல் மெலிந்துதான் வந்தது.

ஈர மண்ணை மிதித்தால் துகள்களுக்கு நடுவே காற்றும் நீரும் போகிற இடைவெளி நசுங்கிவிடுகிறது. அதன் பிறகு வேர் கீழே இறங்க முடியாது.

அதனால் இந்த முறை நாள் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தேன். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தி உருட்டி, கட்டைவிரலால் லேசாகத் தட்டினேன். முதல் தடவை உருண்டை அப்படியே நின்றது. நாலு நாள் கழித்தும் அதே கதைதான். மூன்றாவது தடவை பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றைக்குத்தான் இறங்கினேன்.

அதோடு இன்னொன்றும் செய்தேன். கத்தியால் புல்தரையில் ஒரு சிறு துண்டை மண்ணோடு வெட்டித் தூக்கிப் பார்த்தேன். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் நார் நாராக ஒரு பழுப்புப் படலம் இருக்கும். அது அரை அங்குலத்துக்கு மேல் தடித்திருந்தால்தான் அழுத்தி வாரி எடுக்க வேண்டும். என்னுடையது கால் அங்குலம்கூட இல்லை. சருகையும் பனிப்பூஞ்சை பிடித்து வட்டவட்டமாக ஒட்டிக் கிடந்த இடங்களையும் மட்டும் மெதுவாகக் கிளறி விட்டேன். காற்றுப் பட்டதும் அந்த வட்டங்கள் தானாகவே தேறிவிட்டன, மருந்து எதுவும் அடிக்கவில்லை.

இறுகின இடங்களில் காற்றும் நீரும் இறங்க மண்ணில் துளை போடுவதை இலையுதிர்காலத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

*

அண்ணா, எனக்கு அடி விழுந்தது விதையில். வெற்றிடம் நிறைய இருந்ததால் ரைகிராஸும் கென்டக்கி புளூகிராஸும் கலந்த விதையைத் தூவினேன். கிராப்கிராஸ் களை வந்துவிடக் கூடாதே என்று, அதே வாரத்தில் களை முளைப்பதைத் தடுக்கும் மருந்தையும் போட்டேன். தினமும் காலையில் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு மாதம் ஆகியும் ஒன்றும் இல்லை. களை விதை எது, நாம் தூவிய விதை எது என்று அந்த மருந்துக்குத் தெரியாது. முளைக்கிற எதையும் அது மண்ணுக்குள்ளேயே மடக்கிவிடும். பையிலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இப்போது தரையைப் பிரித்துக்கொண்டேன். வெற்றிடங்களில் விதை மட்டும், மற்ற இடங்களில் மருந்து மட்டும். மருந்து போடும் நாளைத் தெர்மாமீட்டர்தான் சொல்கிறது. இரண்டு அங்குல ஆழத்தில் குத்தி வைத்துப் பார்ப்பேன். 13 டிகிரி செல்சியஸ் தொட்டு, சில நாள் அப்படியே நின்றால் கிராப்கிராஸ் முளைக்கத் தொடங்கிவிடும். அதற்குச் சற்று முன்னால் போட்டுவிட வேண்டும், முளைத்த பிறகு போட்டுப் பயனில்லை.

புதிதாக விதைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரைகிராஸ் ஒரு வாரத்திலேயே தலை காட்டும். புளூகிராஸுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதுவரை மேல்மண் காயாமல் லேசாகத் தெளித்துக்கொண்டே இருங்கள். ஒன்றும் வரவில்லை என்று பத்தாம் நாளில் கிளறிப் பார்க்காதீர்கள்.

*

நீங்கள் இருவரும் சொல்வது குளிர்ந்த பருவத்தில் நன்றாக வளரும் புல்லுக்கு. என்னுடையது அருகம்புல். குளிரில் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். முதல் வருஷம் செத்துவிட்டது என்றே நம்பி மண்வெட்டியோடு நின்றேன். ஒரு கொடியை இழுத்துப் பார்த்தபோது, கணுவில் அரிசி முனை அளவுக்கு வெளிர் பச்சை. மண்வெட்டியை வைத்துவிட்டேன். இந்த ரகத்துக்கு உரமோ துளையோ படலம் வாருவதோ, எல்லாம் தரை முழுக்கப் பச்சை திரும்பிய பிறகுதான். உறைபனிப் பயம் போனதும், பச்சை எழும்பும் நேரத்தில் ஒருமுறை தாழ வெட்டி, வெயில் மண்ணில் படும்படி செய்கிறேன். முன்கூட்டியே உரம் போட்டால் களைதான் தின்று கொழுக்கிறது.

*

கணுவைப் பார்க்கச் சொன்னீர்களே, மிக நல்ல யோசனை. எங்கள் புல்லுக்கும் அவசர உரம் ஆகாது. சீக்கிரமே நைட்ரஜன் கொடுத்தால் இலை மட்டும் ஓங்கி, வேர் பின்தங்கிவிடுகிறது. அதனால் நானும் இன்னும் போடவில்லை.

நேற்று முதல் வெட்டு முடிந்தது. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவில்லை, வெட்டின துணுக்குகளைத் தரையிலேயே விட்டுவிட்டேன். மோவர் பிளேடை முந்தின நாளே சாணை பிடித்து வைத்திருந்தேன். போன வருஷம் மழுங்கின பிளேடால் வெட்டி, நுனியெல்லாம் நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தது. இன்று காலை ஒரு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனி நேராக, பச்சையாக இருக்கிறது.