பழைய டீ ரூம் என்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

லீட்ஸ்_மணி:
ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டீ குடிக்கிற அழகைக் காட்டலாம் என்று வடக்கு யார்க்‌ஷயரில் ஒரு பழைய டீ ரூமுக்குக் கூட்டிப்போனேன். பெயர் வேண்டாம். கல் கட்டடம், ஜன்னலில் லேஸ் திரை, பூப்போட்ட பீங்கான், சாண்ட்விச், கேக் எல்லாம் அடுக்கிய மூன்றடுக்குத் தட்டு என்று பார்க்க எல்லாம் ஜோர். ஆளுக்கு 30 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். மேஜை 90 நிமிடத்துக்குத்தான் என்று முன்பதிவிலேயே சொல்லிவிட்டார்கள், அதில் எனக்குப் புகார் இல்லை.

ஆனால் அதில் முதல் அரை மணி நேரம் எங்கள் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் வந்த பானையில் இலையை வெளியே எடுக்க வழியில்லை. இரண்டாவது கோப்பை ஊற்றும்போது கஷாயம்தான். வெந்நீர் கேட்டேன், கடைசிவரை வரவில்லை. நாற்காலி ஒன்று ஆடியது. அப்பா மெனு அட்டையை நாலாக மடித்து அதன் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொண்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி. கழிப்பறையோ மாடியில், ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத வளைவுப் படி. கேட்டால், "இது பழைய கட்டடம், இங்கே எல்லாம் அந்தக் காலத்து முறைதான்" என்று சிரித்த முகமாகச் சொல்கிறார்கள். பில்லில் 12.5% சர்வீஸ் சார்ஜ் மட்டும் இந்தக் காலத்து முறை.

டெவன்காரி:
மணி அண்ணா, நான் படிக்கும்போது டெவனில் ஒரு டீ ரூமில் சனி, ஞாயிறு வேலை பார்த்தவள். அதனால் மறுபக்கத்தையும் கேளுங்கள். அந்தச் சமையலறை நம் வீட்டு ஸ்டோர் ரூம் அளவுதான் இருக்கும். ஸ்கோன் (க்ரீம், ஜாம் தடவிச் சாப்பிடுகிற குட்டி ரொட்டி) அன்றன்று சுட வேண்டும். சாண்ட்விச்சை முன்கூட்டியே வெட்டி வைத்தால் ஓரம் காய்ந்துவிடும். தங்க விளிம்பு போட்ட கோப்பையை மெஷினில் போட்டால் விளிம்பு போய்விடும், ஒவ்வொன்றையும் கையால்தான் கழுவ வேண்டும். அதுவும் நீங்கள் போனது சனிக்கிழமை மதியம் மூன்று மணி வாக்கில் இருக்கும், சரியா? ஊரே அந்த நேரத்துக்குத்தான் வரும்.

மாடிக் கழிப்பறை விஷயத்திலும் கடைக்காரர் பாவம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் ஒரு சுவரை இடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். மெதுவாக உட்கார்ந்து பேசத்தானே டீ ரூமுக்குப் போகிறோம்? அவசரம் என்றால் சங்கிலித்தொடர் காபிக் கடைகள் தெருவுக்கு நாலு இருக்கின்றன.

கிளாஸ்கோ_வாசி:
"மெதுவாக வருவதுதான் டீ ரூம் பாரம்பரியம்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வரலாறு நேர் எதிர். லண்டனில் ஏரேட்டட் பிரெட் கம்பெனி 1864இல் டீக்கடை தொடங்கியது. லயன்ஸ் நிறுவனம் 1894இல் பிக்காடிலியில் தன் முதல் கடையைத் திறந்தது. ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் வெளியே போய் உட்கார்ந்து சாப்பிட மரியாதையான இடங்கள் குறைவாக இருந்த காலம். அந்தக் குறையைத் தீர்த்ததால்தான் இவை பிழைத்தன. பெண் வாக்குரிமைக்குப் போராடியவர்கள் கூட்டம் போட்ட இடங்களில் டீ ரூம்களும் உண்டு. லயன்ஸ் தன் பணிப்பெண்களுக்கு 1926இல் "நிப்பி" என்று பெயர் வைத்ததே, மேஜைக்கு மேஜை விறுவிறு என்று ஓடுவார்கள் என்பதால்தான்.

எங்கள் ஊரில் கேட் கிரான்ஸ்டன் 1903இல் திறந்த வில்லோ டீ ரூம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மேக்கின்டாஷ் கட்டடத்தின் முகப்பிலிருந்து உள்ளே நாற்காலி வரைக்கும் வடிவமைத்துக் கொடுத்தார். பெண்களுக்குத் தனி அறை, ஆண்களுக்கு பில்லியர்ட்ஸ் அறை. (அவருடைய உயர முதுகு நாற்காலிகள் பார்க்கத்தான் அழகு, உட்கார எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.) வாடிக்கையாளரின் வசதியை யோசித்து யோசித்துச் செய்த தொழில் இது. ஆடும் நாற்காலியைப் பாரம்பரியக் கணக்கில் எழுதினால் கிரான்ஸ்டன் அம்மாள் சண்டைக்கு வந்திருப்பார்.

ஹட்டன்_தேத்தண்ணி:
நாற்காலியை விடுங்கள். கஷாயம் என்று மணி சொன்னாரே, எனக்கு அதுதான் பெரிய குற்றம். எங்கள் பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இங்கே மெனுவில் "சிலோன்" என்று சுருள் எழுத்தில் போடுகிறார்கள், அந்த இலையை எப்படி ஊற்ற வேண்டும் என்று தெரியவில்லை. உடைந்த இலை ரகம் சீக்கிரம் இறங்கும். மூன்று, நாலு நிமிடத்தில் சாயம் வந்துவிடும். அப்புறமும் இலை வெந்நீரிலேயே கிடந்தால் கசப்பும் துவர்ப்பும்தான். ஒன்று, இலையைத் தூக்கி வைக்கிற வடிகட்டி போட்ட பானை வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் ஒரு ஜக் வெந்நீர் வேண்டும். அந்த வெந்நீர் ஜக்தான் ஐயா உண்மையான பழைய முறை! அதை நிறுத்திவிட்டு லேஸ் திரையை மட்டும் காப்பாற்றி என்ன பயன்?

டெவன்காரி:
வெந்நீர் ஜக் விஷயத்தில் தேத்தண்ணி அண்ணன் சொல்வது சரி. எங்கள் கடையில் கேட்காமலே வைப்போம். ஆனால் ஒரு கடையின் ஒரு சனிக்கிழமையை வைத்துத் தொழிலையே திட்டுவது நியாயமில்லை. ஊரில் டீக்கடை பெஞ்சில் இடம் இல்லாமல் நின்றுகொண்டே குடிக்கிறோம், அங்கே யாராவது முதுகு வலிக்கிறது என்று எழுதுகிறோமா?

லீட்ஸ்_மணி:
தங்கச்சி, அங்கே 15 ரூபாய். மாஸ்டர் நம் முகத்தைப் பார்த்ததுமே சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங் என்று போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். அந்த பெஞ்சை யாரும் எனக்கு 30 பவுண்டுக்கு விற்கவில்லை. அங்கே வாங்குவது டீயை மட்டும். இங்கே டீயோடு உட்காருகிற சுகத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறேன்.

கோவை_சைவம்:
நடுவில் ஒரு எச்சரிக்கை. சைவக்காரர்கள் மேல் தட்டை நம்பாதீர்கள். வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஸ்கோன் வரை பிரச்சினை இல்லை (முட்டை பூசியிருப்பார்கள், அதையும் கேளுங்கள்). மேலே குட்டிக் கண்ணாடிக் குவளையில் வரும் மூஸ், மார்ஷ்மெல்லோ இரண்டிலும் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கலாம். கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் ஜெலட்டின் இல்லை. அதனால் அந்த அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாயைத் திறந்து கேளுங்கள். கேட்ட இடங்களில் எனக்குப் பெரும்பாலும் நல்ல பதிலே கிடைத்திருக்கிறது. ஒரு கடையில் சமையல்காரரே வெளியே வந்து டப்பாவின் லேபிளைக் காட்டிவிட்டு, மூஸுக்குப் பதில் பழம் நறுக்கிக் கொடுத்தார்.

கிளாஸ்கோ_வாசி:
சட்டம் பற்றி இரண்டு வரி. 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, மாற்றுத்திறனாளி வாடிக்கையாளருக்காக நியாயமான மாற்றங்களைச் செய்வது கடையின் கடமை. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் அந்தக் கடமை காணாமல் போகாது. எது நியாயம் என்கிற அளவுதான் மாறும். லிஃப்ட் வைக்க முடியாமல் இருக்கலாம், வாசல் படிக்கு எடுத்து வைக்கும் சாய்தளமும் முன்பதிவுப் பக்கத்தில் "கழிப்பறை மாடியில்" என்று ஒரு வரியும் கட்டாயம் முடியும்.

டெவன்காரி:
அந்த ஒரு வரி போட வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மணி அண்ணா, கோபத்தில் சர்வீஸ் சார்ஜை வெட்டியிருந்தால் அது வேலை செய்த பிள்ளைகளின் காசு. 2024 அக்டோபரிலிருந்து டிப்ஸ், சர்வீஸ் சார்ஜ் எல்லாவற்றையும் வரி தவிர வேறு பிடித்தம் இல்லாமல் ஊழியர்களுக்கே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாற்காலியை ரிப்பேர் செய்யாதது முதலாளி. அதற்கு அந்தப் பதினெட்டு வயதுப் பெண் ஏன் அபராதம் கட்ட வேண்டும்?

லீட்ஸ்_மணி:
வெட்டவில்லை, முழுசாகக் கொடுத்தேன். தட்டு தூக்கிய பெண் மேல் எனக்கு வருத்தமே இல்லை. அத்தனை மேஜைக்கு இரண்டே பேரை நிறுத்தியது யார் என்பதுதான் என் கேள்வி. ஸ்கோனும் அருமை, அதையும் சொல்லிவிடுகிறேன். சூடாக வந்தது. அம்மா அதற்கு ஊறுகாய் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள்.

ஹட்டன்_தேத்தண்ணி:
ஸ்கோன் மேல் க்ரீம் முதலிலா ஜாம் முதலிலா என்று பக்கத்து மாவட்டங்களான டெவனும் கார்ன்வாலும் அடித்துக்கொள்கின்றன. அம்மா மூன்றாவது கட்சி ஆரம்பித்துவிட்டார்கள்!

டெவன்காரி:
டெவன் முறைப்படி க்ரீம்தான் முதலில், அதில் சமாதானம் கிடையாது. அண்ணா, அடுத்த முறை வார நாளில் காலை பதினோரு மணி வாக்கில் போங்கள். மூன்றடுக்கு வேண்டாம். ஸ்கோன், க்ரீம், ஜாம், ஒரு பானை டீ மட்டும் சொல்லுங்கள். பாதி விலைகூட ஆகாது, கவனிப்பும் நன்றாக இருக்கும். படி ஏறாத கழிப்பறை உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

லீட்ஸ்_மணி:
இன்று காலை வேறொரு இடத்துக்குப் போன் போட்டு அதைத்தான் கேட்டேன். "எங்களிடம் அழகான தோட்டம் இருக்கிறது" என்று பதில் வந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே சொல்லுங்கள்.