ஃபண்டஸ்: மேலே இருக்கும் ‘அடி’க்கு என்ன பெயர்?

செவிலிய ஆசிரியை:

கலைச்சொல் மடற்குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். பிரசவம் முடிந்த தாயைப் பரிசோதிக்கும் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் இடிக்கிறது. ஃபண்டஸ் என்பது கருப்பையின் மேல்முனை. பழைய கையேட்டில் அதற்குக் ‘கருப்பையின் அடிப்பகுதி’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி அடிவயிற்றின் கீழ்க்கோடியில் கையை வைத்துக்கொண்டு, “மேடம், ஒன்றும் தட்டுப்படவில்லை” என்றாள். நான் தொட்டால் கருப்பை தொப்புளுக்கு மேலே, வலப்பக்கம் ஒதுங்கி, சொதசொதவென்று கிடக்கிறது. பேட் நனைந்துகொண்டே இருக்கிறது. மூத்திரப்பை நிரம்பிக் கருப்பையைத் தள்ளியிருந்தது. சிறுநீர் கழிக்க வைத்து, வயிற்றின் மேல் வட்டமாகத் தேய்த்துவிட்டதும் நடுவுக்கு வந்து பந்துபோல இறுகியது, உதிரமும் மட்டுப்பட்டது. இறுகாத கருப்பைதான் பிரசவத்துக்குப் பிந்தைய பெரும் உதிரப்போக்குக்கு முதல் காரணம். மேலே இருப்பது என்று கேட்டவுடன் புரிகிற ஒரு சொல் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அன்புள்ள ஆசிரியைக்கு, ‘முகடு’ இருக்கும்போது கவலை எதற்கு? கூரை முகடு, மலை முகடு, கருப்பை முகடு. முகிழ், முகை, முகில் எல்லாம் குவிந்து எழுவதைச் சொல்லும் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. ‘குவடு’ம் பொருந்தும். கூடவே ஒன்று. ‘பிரசவத்துக்குப் பிந்தைய’ என்று எதற்கு நீட்டி முழக்க வேண்டும்? தொல்காப்பிய உரியியல் புனிறு என்ற சொல்லுக்கு ஈன்றணிமை என்றே பொருள் சொல்கிறது. புனிற்றுக்காலம், புனிற்றுக் காய்ச்சல் என்று ஆளலாமே.

உடற்கூறு கற்பிக்கும் மருத்துவர்:

ஐயா மன்னிக்க வேண்டும், பழைய கையேடு எழுதியவர் மேல் தவறில்லை. லத்தீனில் ஃபண்டஸ் என்றால் அடிதான். குடத்தைக் கவிழ்த்தால் வாய் கீழே, அடி மேலே. கருப்பையும் அப்படித்தான். வாய்க்கு எட்டாத கடைசிப் பகுதி எதுவோ அது ஃபண்டஸ். கண்ணில் அது பின்பக்கம், இரைப்பையில் மேல்பக்கம். விழியின் பின்சுவரை ‘முகடு’ என்பீர்களா? எல்லா உறுப்புக்கும் ஒரே சொல் வேண்டும் என்றால் ‘கோடி’. தெருக்கோடி, கடைக்கோடி என்கிறோமே, அந்தக் கோடி.

கலைச்சொல் பட்டியல் தொகுப்பவர்:

கருப்பைக் கோடி என்றால் மாணவிகள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்! புதுத்துணிக்கும் கோடி என்றுதான் பெயர். வாய் இருக்கிறது, கழுத்து இருக்கிறது, அப்புறம் ‘தலை’ என்றே சொல்லிவிட்டால்?

செவிலிய ஆசிரியை:

தலை வேண்டவே வேண்டாம். பிரசவ அறையில் தலை என்றால் குழந்தையின் தலைதான்.

பேராசிரியர்:

மருத்துவர் ‘கோடி’ என்றதும் ‘கோடு’ நினைவுக்கு வருகிறது. சங்கப் பாடல்களில் கோடு என்றால் மலையுச்சி. யானைக் கொம்பும் கோடுதான், மரக்கிளையும் கோடுதான், வளைந்த எதுவும்...

(இங்கிருந்து நான்கு மடல்கள் யானையின் பின்னால் போய்விட்டன.)

செவிலிய ஆசிரியை:

ஐயா, யானையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என் பக்கத்தில் வரும் வாக்கியம் இது: “ஒரு கையால் கருப்பையின் கீழ்ப்பகுதியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் ____-ஐத் தொட்டுப் பார்க்கவும்.” கீழே தாங்காமல் மேலே அழுத்தினால் கருப்பை இடம்விட்டுக் கீழே சரிந்துவிடும் ஆபத்து உண்டு. ஒரே வாக்கியத்தில் கீழும் மேலும் வருகிறது, அதனால்தான் ‘அடி’ கூடாது என்கிறேன். அடுத்த வரி: “____ நாளுக்கு ஏறக்குறைய 1 விரற்கடை இறங்கி, 10 முதல் 14 நாளுக்குள் கைக்குத் தட்டுப்படாமல் போகும்.” இறங்குவது முகடு என்றால் படம் கண்ணில் நிற்கிறது. இறங்காமல் நின்றாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுதும் நனைந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். புனிறு அழகான சொல்தான் ஐயா. ஆனால் இரவுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு அதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும்.

மென்பொருள் துறை நண்பர்:

வார்டில் எல்லாரும் ஃபண்டஸ் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியே எழுதிவிட்டுப் போகலாமே.

செவிலிய ஆசிரியை:

சொல்கிறார்கள். பொருள் தெரிந்து சொல்பவர்கள் குறைவு.

தொகுப்பவர்:

சரி, வியாழன் இரவாகிவிட்டது. மறுப்பு வராததால் ‘கருப்பை முகடு (ஃபண்டஸ்)’ என்று முதல் இடத்திலும், பிறகு ‘முகடு’ என்றும் போகிறது. ‘சொதசொத’ பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மெய்ப்பு பார்த்தவர் அதைத் ‘தொய்ந்த நிலை’ என்று திருத்தியிருக்கிறார்.

செவிலிய ஆசிரியை:

தயவுசெய்து ‘சொதசொத’வையே திரும்பப் போடுங்கள். கைக்கு அப்படித்தான் இருக்கும்.

மருத்துவர்:

மறுப்பு இல்லை என்று யார் சொன்னது? என் மடல் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். முகடு கருப்பைக்கு மட்டும். கண் மருத்துவக் கையேடு வரும்போது கோடியோடு வருவேன்.