எக்ஸ்போஷர்: வெளிப்பாடா, ஊறா, படுதலா?

வணக்கம். தொழிலாளர் இதயநலக் கையேடு நாளைக்குக் காலைல அச்சுக்குப் போகணும், ஒரே சொல்லுல நிக்குது. எக்ஸ்போஷருக்கு, அதாவது வேலையில ஒரு பொருளோ இரைச்சலோ உடம்புக்கு எட்டுறதுக்கு, வெளிப்பாடுன்னு போட்டிருந்தேன், ஆனா மரபணு வேலை செய்யுறதைச் சொல்ற மரபணு வெளிப்பாடுன்னு (ஜீன் எக்ஸ்பிரஷன்) வேற ஒண்ணு ஏற்கனவே இருக்கே, "ஈய வெளிப்பாடு மரபணு வெளிப்பாட்டை மாற்றலாம்"னு வரி வந்து நிக்குது. பேட்டரி வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், "அப்போ ஈயம் உடம்பவிட்டு வெளிய வந்துருமா?"ன்னு கேட்டார். வருஷக்கணக்கா எலும்புல தங்கி ரத்த அழுத்தத்தை ஏத்துற பொருள் அது, நேர் எதிரா புரிஞ்சிருக்கு.

---

ஊறுன்னு வைங்க தம்பி. படு பாடு ஆன மாதிரி உறு ஊறு ஆச்சு, வினையோட முதல் எழுத்து நீண்டு பெயராகுற முதனிலை திரிந்த தொழிற்பெயர். குறள் 27-ல "சுவைஒளி ஊறுஓசை"ன்னு வர்றது தொடு உணர்வு, தொல்காப்பியத்துல ஓரறிவுன்னா உற்றறிவது, அதாவது தொட்டு அறியுறது. தீங்குன்னும் பொருள் உண்டு. தொடுறதும் கெடுக்கிறதும் ஒரே சொல்லுல! தொழிலூறு, ஈயவூறு.

---

அண்ணே, சொல் அழகுதான், ஆனா ஈயவூறுன்னா ஊறப்போட்டதுன்னுதான் படிப்பாங்க. அதோட தீங்குங்கிற பொருள் முன்னாடியே சொல்லுக்குள்ள வந்துடுது. எவ்வளவு பட்டுச்சு, எத்தனை வருஷம், யார் உடம்புன்னு பாத்த பிறகுதானே தீங்கை சொல்லணும்? ஒரே பட்டறையில ஒரே அளவு ஈயம் பட்ட ரெண்டு பேருக்கு ரத்தத்துல நிக்கிறது வேற வேறயா இருக்கலாம், ஏஎல்ஏடிங்கிற மரபணு ஆளுக்கு ஆள் வகை மாறுறது அதுக்கு ஒரு காரணம், அந்த மரபணு உண்டாக்குற நொதியிலதான் ஈயம் போய் ஒட்டுது. இன்னொண்ணு, வெடிமருந்து ஆலைல நைட்ரோகிளிசரின் பட்டுப்பட்டு ரத்தக்குழாய் அதுக்குப் பழகிடும், லீவு நாள்ல அது படாதப்போ குழாய் சுருங்கி நெஞ்சுவலி, சிலர் செத்தே போயிருக்காங்க. படாததால வந்த கேட்டுக்கு ஊறுன்னு எப்படி சொல்றது? வெயில் படுது, தூசி படுதுன்னு எல்லாரும் பேசுறோம், படுதலே போதும்.

---

இரைச்சலும் இதயத்துக்கு ஆகாது, அது காதுல படும், சரி. நைட் ஷிஃப்ட் எப்படிங்க படும்? கண்படுதல்னா பழைய தமிழ்ல தூக்கம், தூங்காம வேலை பாக்குறவருக்குப் போய் படுதலா? ஆட்படல்னு வைக்கலாமே.

---

ஆட்படல்னா அடிமைப்படுற வாசனை அடிக்குது. கார்பன் டைசல்பைடுங்கிற கரைப்பான், ஈயம், புகை, இரைச்சல் எல்லாத்துக்கும் படுதல்னு மாத்திட்டேன், ஷிஃப்டுக்கு மட்டும் "இரவு வேலை பார்ப்பது"ன்னு விரிச்சே எழுதிட்டேன். அதே பேட்டரி வேலைக்காரருக்கு மறுபடி வாசிச்சேன், "மேல படாம பாத்துக்கணும், மூச்சுல போகாமலும்"னு அவரே சொன்னார். அனுப்பப் போறேன்.

---

அனுப்புங்க. மூச்சுல போறதையும் படுதல்னு சொல்றது எனக்கு இன்னும் ஒப்பல. அடுத்த பதிப்புக்கு ஊறை மறுபடி எடுப்பேன்.