ஒரே கன்டெய்னரில் மூன்று ப்ராசஸ்: செலரி மட்டும் சத்தமில்லாமல் செத்துப்போகிறது

ஒற்றையாள்:
ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) எழுதிய தளம் ஒன்றைத் தனியாளாக நடத்துகிறேன். பின்னணி வேலைகளைச் செய்யும் செலரி வொர்க்கர், நேரம் பார்த்து வேலைகளை வரிசையில் ஏற்றும் செலரி பீட், தளத்தைக் காட்டும் வெப், மூன்றும் ஒரே டாக்கர் கன்டெய்னரில் (தனிப்பெட்டி போன்ற சூழல்). தொடக்க ஸ்கிரிப்ட்டில் முதல் இரண்டையும் பின்னணிக்குத் தள்ளிவிட்டு, கடைசி வரியில் வெப்பை ஓட்டும் குனிகார்ன். லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. கிளவுடில் 512 எம்பி கொடுத்து ஏற்றினால், இரண்டு நாளைக்கு ஒரு தடவை வொர்க்கர் செத்துவிடுகிறது. தளம் திறக்கிறது, ஹெல்த் செக் பச்சை. ஆனால் பாஸ்வேர்டு மாற்றும் மெயில் யாருக்கும் போவதில்லை. ஒரு பயனர் திட்டித்தான் எனக்கே தெரிந்தது. பிள்ளை ப்ராசஸ் ஒன்று 'சிக்னல் 9' (உடனே கொல்லும் சிக்னல்) வாங்கி வெளியேறியது என்பதோடு செலரியின் லாக் நின்றுவிடுகிறது. சூப்பர்வைசர் போடவா, மூன்றாகப் பிரிக்கவா?

பழையலாக்:
சூப்பர்வைசர் செத்ததை எழுப்பிவிடும், செத்த காரணம் அப்படியே இருக்கும். பிளாட்ஃபார்ம் பிஐடி 1-ஐ, அதாவது கன்டெய்னரின் முதல் ப்ராசஸை மட்டும்தான் பார்க்கும். உங்களிடம் அது அந்த ஸ்கிரிப்ட். குனிகார்ன் ஓடும்வரை அதுவும் ஓடும், செலரி போனது யாருக்கும் தெரியாது.

பிரித்துவிடுங்கள். இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) ஒன்றே போதும், சர்வீஸுக்கு சர்வீஸ் தொடக்கக் கட்டளை மட்டும் வேறு. வொர்க்கரை எத்தனை வேண்டுமானாலும் கூட்டலாம், பீட் ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஓடினால் ஒவ்வொரு வேலையும் இரண்டு தடவை வரிசையில் ஏறும்.

அதற்கு முன்னால், வொர்க்கர் கிளம்பும்போது கன்கரன்சி (ஒரே நேரத்தில் ஓடும் பிள்ளை ப்ராசஸ்கள்) எவ்வளவு என்று லாகில் காட்டும். பார்த்துச் சொல்லுங்கள்.

ஒற்றையாள்:
16! நான் எதுவும் கொடுக்கவே இல்லையே.

பழையலாக்:
நினைத்தேன். கொடுக்காவிட்டால் செலரி சிபியு கோர்களை எண்ணி, அத்தனை பிள்ளைகளைப் பெற்றுப்போடும். அதுவும் உங்கள் பங்கை அல்ல, ஹோஸ்ட் மெஷினின் கோர்களை எண்ணியிருக்கிறது. 512 எம்பிக்குள் 16 ஜாங்கோ! மெமரி போதாமல் கர்னல் யாரையாவது கொல்லாமல் என்ன செய்யும்? 2 என்று கையால் கொடுங்கள்.

ஒற்றையாள்:
பிரித்தாயிற்று, மூன்று நாளாகச் சாவு இல்லை. ஆனால் பயனர் ஏற்றும் படத்தை வெப் டெம்ப் ஃபோல்டரில் வைக்கும், வொர்க்கர் எடுத்துச் சுருக்கும். இப்போது கோப்பே இல்லை என்கிறது. அப்புறம், ஒவ்வொரு டிப்ளாயிலும் (புதுப் பதிப்பை ஏற்றும்போது) வொர்க்கர் 137 என்ற வெளியேறும் எண்ணோடு முடிகிறது. மறுபடியும் மெமரியா?

கடைசிகமிட்:
வீடு மூன்றானபோது டெம்பும் மூன்றாகிவிட்டது. படத்தை எல்லா சர்வீஸும் எட்டும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (பொதுக் கோப்புக் கிடங்கு) வைத்து, அதன் கீயை (அங்கே அதற்கான பெயர்) மட்டும் வரிசையில் அனுப்புங்கள்.

137 என்பது 128-உம் 9-உம் கூட்டியது. சிக்னல் 9 விழுந்தது என்று சொல்லுமே தவிர, யார் கொடுத்தது என்று சொல்லாது. டிப்ளாயில் மட்டும் வருகிறதென்றால் மெமரி மேல் எனக்குச் சந்தேகமில்லை. முதலில் சிக்டெர்ம், அதாவது 'முடித்துக்கொள்' என்ற சிக்னல் வரும். நாம் மாற்றாவிட்டால் டாக்கர் 10 விநாடி, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் 30 விநாடி பொறுக்கும், அதற்குப் பிறகுதான் 9. இன்னும் ஷெல் ஸ்கிரிப்ட் வழியாகத்தான் வொர்க்கரைக் கிளப்புகிறீர்கள் போல. ஷெல் அந்த சிக்டெர்மைச் செலரிக்குக் கடத்தாது. கடைசிக் கட்டளைக்கு முன்னால் 'எக்ஸெக்' என்று சேருங்கள், ஷெல்லின் இடத்தில் செலரியே ஓடும்.

ஒற்றையாள்:
சேர்த்தேன். 'வார்ம் ஷட்டவுன்' (கையிலுள்ள வேலையை முடித்துவிட்டு நிற்பது) என்ற வரியை முதல் தடவையாக லாகில் பார்க்கிறேன். ஸ்கிரிப்ட்டைத் திறந்தபோதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது: டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் மைக்ரேட் கட்டளையும் அதற்குள்ளேயே இருக்கிறது, மூன்று சர்வீஸும் ஒரே நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. அதைத் தனியே எடுக்கப் போகிறேன்.